அம்மாவின் ரிப்போர்ட்டில் ‘யூதர்களின் திரிபு’ என்று வருகிறது. நாங்கள் யூதர்களா?

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2024

அம்மாவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய். கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. மரபணுப் பரிசோதனையில் பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் 185டெல்ஏஜி என்ற திரிபு என்று வந்திருக்கிறது. நெட்டில் தேடினால் எங்கு பார்த்தாலும் ‘அஷ்கெனாசி யூதர்களிடம் காணப்படும் திரிபு’ என்றே போட்டிருக்கிறார்கள். நாங்கள் திருச்சிப் பக்கம். ஏழு தலைமுறைக்கு ஒரே குலதெய்வம், ஒரே ஊர். கொச்சி யூதர்கள் வழியாக ஏதாவது வந்திருக்குமா? சித்தப்பா இஸ்ரேல் விசா கிடைக்குமா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். விளையாட்டு இருக்கட்டும், ஒன்றும் புரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு 11.10

விசா கிடைக்காது. சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. அக்காவுக்கு 38 வயதில் இதே நோய் வந்தது. அதிலிருந்து இந்த ரிப்போர்ட்டுகளையும் மெய்ப்புப் பார்ப்பதுபோல வரிவரியாகப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

4 மார்ச், இரவு 10.30

முதலில் அந்தப் பிழை என்ன என்று பார்த்துவிடுவோம். பிஆர்சிஏ1 மரபணுவில் ஓர் இடத்தில் எழுத்துகள் இப்படி ஓடும்: டி டி ஏ ஜி ஏ ஜி டி ஜி டி. நடுவில் ‘ஏஜி’ இரண்டு தடவை அடுத்தடுத்து வருகிறது. உங்கள் அம்மாவிடம் அதில் ஒன்று விழுந்துவிட்டது. ‘டெல்’ என்றால் விட்டுப்போனது.

செல் இந்த எழுத்துகளை மூன்று மூன்றாகப் படிக்கும். பழம்-மரம்-குளம் என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சொல்லில் ‘ழம்’ விழுந்தால் ‘பமர’, ‘ம்குள’ என்று படிக்க வேண்டிவரும். அதற்கப்புறம் எல்லாமே உளறல். இந்தத் திரிபில் 22 அமினோ அமிலம் வரை சரியாகப் போய், இன்னும் 16 உளறி, 39-ஆவது இடத்தில் முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது. முழுப் புரதத்தின் நீளம் 1863. டிஎன்ஏ உடைந்தால் ஒட்டுப்போடும் வேலையைச் செய்யும் புரதம் அது. 38-இல் நின்றுபோன துண்டு எதையும் ஒட்டாது.

இனி யூதர் விஷயம். அஷ்கெனாசி என்றால் நடு, கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களின் வழி. இளம் வயதில் மூன்று வருடம் ஓலைச்சுவடிகளைப் படியெடுக்கும் வேலை பார்த்தேன். ஏட்டில் ‘பலபல’ என்று இருக்கும். படியெடுப்பவர் ஒரு ‘பல’வை எழுதிவிட்டு மறுபடி ஏட்டைப் பார்ப்பார். கண் போய் இரண்டாவது ‘பல’வில் உட்காரும். எழுதியாயிற்று என்று நினைத்து அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுவார். இந்தப் பிழையைத் திருநெல்வேலியிலும் செய்வார்கள், காஞ்சிபுரத்திலும் செய்வார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இரட்டித்து வரும் இடம் எங்கேயுமே கண் வழுக்கும் இடம்தான்.

டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிக்கும் இதே வழுக்கல் உண்டு. ‘ஏஜிஏஜி’ அப்படி ஓர் இடம்.

5 மார்ச், காலை 6.50

நேற்று எழுதியதில் ஓர் ஓட்டை இருக்கிறது. தூக்கம் வராமல் கிடந்தபோது உறைத்தது. பிழை தனித்தனியாக வரலாம் என்றுதான் சொன்னேன். உங்கள் வீட்டில் வந்தது அப்படித்தான் என்பதற்கு ஆதாரம்?

சுவடியில் என்ன செய்வோம்? ஒரு பிழையை மட்டும் வைத்து இரண்டு ஏடுகளை உறவாக்க மாட்டோம். அக்கம்பக்கம் பார்ப்போம். அந்தப் பிழைக்கு முன்னும் பின்னும் உள்ள பாடபேதங்களும் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை. அந்தப் பிழை ஒன்றுதான் பொது, மற்றதெல்லாம் வேறு என்றால் தற்செயல்.

மரபணுவில் இந்த அக்கம்பக்கத்துக்கு ஹேப்ளோடைப் என்று பெயர். அஷ்கெனாசிக் குடும்பங்களில் 185டெல்ஏஜியைச் சுற்றி ஒரே அக்கம்பக்கம்தான் இருக்கிறது. அதாவது என்றைக்கோ ஒரே ஒருவரிடம் நடந்த பிழை, வழிவழியாக இறங்கியிருக்கிறது. ஈராக் யூதர்களிடமும் இது உண்டு. அமெரிக்காவில் கொலராடோவின் சான் லூயி பள்ளத்தாக்கில் ஸ்பானிய வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் கண்டுபிடித்தார்கள். ஸ்பெயினில் மதம் மாற வற்புறுத்தப்பட்ட யூதர்களின் சந்ததி என்பது அதற்குச் சொல்லும் விளக்கம். அங்கே உங்கள் சித்தப்பாவின் கேள்வி நியாயமான கேள்வி.

ஆனால் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் யூதரல்லாத குடும்பங்களில் இதே பிழை கிடைத்தது. அக்கம்பக்கம் வேறு. 2007-இல் ஓர் இந்தியக் குடும்பத்தைப் பற்றிய ஆய்வு வந்தது, அதிலும் அக்கம்பக்கம் ஒட்டவில்லை. இங்கே தனியாகத் தோன்றியது என்றே முடிவு சொன்னார்கள். 2009-இல் வெளிவந்த சென்னை ஆய்வில் 61 பேரைப் பரிசோதித்தார்கள். அதில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. ஆக, நம் பக்கத்தில் இது அபூர்வமும் இல்லை, விருந்தாளியும் இல்லை.

கொச்சி வழி வந்திருக்குமா என்றால், உங்கள் வீட்டு அக்கம்பக்கத்தைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அதைப் பார்ப்பதால் உங்கள் அம்மாவின் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

5 மார்ச், மதியம்

ரிப்போர்ட்டில் ‘சி.68_69’ என்றும் ஓர் எண் போட்டிருக்கிறதே, இரண்டு திரிபா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றுதான். பழைய எண்ணிக்கை முன்பகுதியையும் சேர்த்து எண்ணியது. புதியது புரதம் தொடங்கும் இடத்திலிருந்து எண்ணுகிறது. முன்னுரையைச் சேர்த்துப் பக்க எண் போடுவதா, விட்டுவிட்டுப் போடுவதா என்கிற பழைய சண்டைதான். எங்கள் அச்சகத்திலும் அது இன்னும் தீரவில்லை.

9 மார்ச், இரவு

‘அப்படியென்றால் ஏன் எல்லாரும் யூதர் யூதர் என்கிறார்கள்?’ நல்ல கேள்வி.

எண்ணிக்கைதான் காரணம். அஷ்கெனாசி யூதர்களில் ஏறத்தாழ 40 பேருக்கு ஒருவரிடம் மூன்று குறிப்பிட்ட திரிபுகளில் ஒன்று இருக்கும். பிஆர்சிஏ1-இல் 185டெல்ஏஜி, 5382இன்ஸ்சி, அதேபோல ஒட்டுப்போடும் இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ2-இல் 6174டெல்டி. பொதுவாக மற்ற மக்களிடம் பிஆர்சிஏ திரிபு எதுவாக இருந்தாலும் சேர்த்தே சில நூறு பேருக்கு ஒருவர்தான். சிறு கூட்டமாக இருந்து, தங்களுக்குள்ளேயே மணம் முடித்து, பிறகு பெருகிய சமூகம். ஆரம்பத்தில் ஒருவரிடம் இருந்த பிழை பேரன் பேத்திகளோடு சேர்ந்து பெருகிவிட்டது. ஐஸ்லாந்திலும் அதே கதை. பிஆர்சிஏ2-இல் 999டெல்5 என்ற ஒரே பிழை. நாட்டு மக்களில் முக்கால் சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் இருக்கிறது.

இன்னொரு காரணம், முதலில் தேடியது அங்கேதான். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1990-இல் பிஆர்சிஏ1 இருக்கும் இடம் 17-ஆவது குரோமோசோம் என்று காட்டினார். 1994-இல் மரபணுவே கையில் கிடைத்தது. அடுத்த சில வருடங்களில் ஆய்வுக்கு வந்து ரத்தம் கொடுத்தவர்களில் அஷ்கெனாசிக் குடும்பங்கள் நிறைய. எந்த ஏட்டை முதலில் பார்க்கிறோமோ அதன் பெயரிலேயே பாடத்தைக் குறிப்பிட ஆரம்பித்துவிடுவது எங்கள் தொழிலிலும் உண்டு.

அந்த மூன்றில் 5382இன்ஸ்சி இருக்கிறதே, அது போலந்திலும் ரஷ்யாவிலும் யூதரல்லாதவர்களிடம் வெகு சாதாரணம். ‘யூதத் திரிபு’ என்ற சீட்டு அதற்கும் பொருந்தாது.

10 மார்ச்

நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தி மகன், அக்காவின் செய்தி கேட்டதும் துப்பி அனுப்பும் கிட் ஒன்றை வாங்கிப் பரிசோதித்தான். ‘பிஆர்சிஏ இல்லை’ என்று வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லட்டுப் படம் போட்டான்.

நான் அந்த ரிப்போர்ட்டின் பொடி எழுத்தைப் படித்தேன். அந்த வகை கிட் பார்த்தது மேலே சொன்ன மூன்றை மட்டும். அமெரிக்காவில் 2018 மார்ச்சில் அனுமதி கொடுத்ததே அந்த மூன்றுக்குத்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரிபுகள் தெரிந்த மரபணுக்களில் மூன்றைப் பார்த்துவிட்டு நிம்மதி! எங்கள் வீட்டுப் பிழை அந்தப் பட்டியலிலேயே இல்லை. பிஆர்சிஏ1-இல்தான், ஆனால் வேறோர் இடத்தில். லட்டைத் திருப்பி வாங்கச் சொன்னேன். இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் வீட்டுப் பிழையை அந்தக் கிட் சரியாகப் பிடித்திருக்கும்.

16 மார்ச், இரவு 9

வேறொருவர் கேட்டிருக்கிறார்: இந்தியப் பெண்களுக்குப் பரம்பரை மார்பகப் புற்றுநோய் அதிகமா? 2018-இல் வந்த ஆய்வில், ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட இந்திய நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேரிடம் திரிபு இருந்தது. மேலைநாடுகளில் 5 முதல் 10 என்பார்கள். ஆக, மூன்று மடங்கு. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொண்டால் வேறென்ன வரும்?

17 மார்ச், காலை

நேற்று எழுதியதில் இரண்டு தப்பு. அழிக்கவில்லை. கிடக்கட்டும், மெய்ப்புக்காரிக்கும் பிழை வரும்.

ஒன்று, அந்த 30 சதவீதம். பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் ஏற்கெனவே சந்தேகத்துக்குரியவர்கள். இளம் வயதில் நோய் வந்தவர்கள், குடும்பத்தில் இன்னொருவருக்கு இருந்தவர்கள். கண் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி என்று சொல்வதுபோல ஆகிவிட்டது. வரிசையில் வரும் எல்லா நோயாளிகளையும் எடுத்தால்தான் நாட்டுக்கு நாடு ஒப்பிட முடியும். நைஜீரியாவின் இபாதானில் அப்படிச் செய்தார்கள். ஒலுஃபுன்மிலாயோ ஒலோபடே குழுவின் வேலை, 2018. பத்தில் ஒருவருக்குச் சற்று மேல், ஏறத்தாழ 11 சதவீதம். பஹாமாஸ் தீவுகளில் 23 சதவீதம். அது உண்மையிலேயே மலைக்க வைக்கும் எண்.

இரண்டாவது, சொந்தத்தில் கல்யாணம். பிஆர்சிஏ வேலை செய்யும் விதமே வேறு. அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு கெட்ட பிரதி வந்தாலே ஆபத்து கூடிவிடும். இரண்டு பக்கமும் வர வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் வந்தால் அது வேறு கதை, ஃபான்கோனி ரத்தசோகை என்று குழந்தைப் பருவத்திலேயே வரும் அபூர்வ நோய். அக்கா மகளைக் கட்டியதால் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்துவிடாது. தலைமுறை தலைமுறையாக ஒரே வகையறாவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் ஒரு பிழை அந்த வட்டத்துக்குள்ளேயே தங்கிப் பெருகலாம், அவ்வளவுதான். அது முந்தாநாள் கல்யாணத்தின் வேலை இல்லை.

என் தாத்தா பாட்டி அத்தை மகன், மாமன் மகள். அந்தக் கோபம் எழுத்தில் வந்துவிட்டது.

17 மார்ச், இரவு

‘நம் பெண்களுக்குப் பத்து வருடம் முன்பே வருகிறதே, அது மரபணுதானே?’

நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு 38 இல்லையா! ஆனால் நம் நாட்டின் மக்கள்தொகையே இளமையானது. நாற்பது வயதுக்காரர்கள் நிறைய, எழுபது வயதுக்காரர்கள் குறைவு என்றால் நோயாளிகளின் சராசரி வயது தானாகவே இறங்கும். பள்ளிக்கூடத்துக் காய்ச்சலையும் முதியோர் இல்லத்துக் காய்ச்சலையும் சராசரி வயது போட்டு ஒப்பிட்ட கதை. அதைக் கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. தனியொரு பெண்ணுக்கு இளம் வயதில் வந்தால் பரிசோதனை பண்ண வேண்டும் என்பது அப்போதும் சரிதான்.

24 மார்ச்

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். சுருக்கமாக என் பதில். அவர்களுக்கு ட்ரிபிள் நெகட்டிவ் வகை (ஹார்மோன் மருந்துக்கும் ஹெர்2 மருந்துக்கும் பிடிகொடுக்காத கட்டி), வெள்ளையினப் பெண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. நோய் வரும் விகிதம் சற்றுக் குறைவு, இறப்பு 40 சதவீதம் அதிகம். இதில் கட்டியின் குணமும் இருக்கிறது, இன்ஷூரன்சும் இருக்கிறது, எப்போது மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தார்கள், சிகிச்சை எத்தனை வாரம் தள்ளிப்போனது என்பதும் இருக்கிறது. மொத்தத்தையும் மரபணு தலையில் கட்டினால் மருத்துவமனைக்காரர்களுக்கு வசதி.

2 ஏப்ரல், இரவு 12.20

இதை எழுதலாமா என்று பத்து நாளாக யோசித்தேன்.

அக்காவுக்கு முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பச்சைத் தாள். ‘தாய், தாய்வழிப் பாட்டி, சித்தி, பெரியம்மா: யாருக்காவது மார்பகப் புற்றுநோய்?’ நான்தான் பேனா பிடித்தேன். இல்லை, இல்லை, இல்லை, இல்லை. அப்பா வழிக்குக் கட்டமே கிடையாது. குடும்ப வரலாறு இல்லை என்று எழுதி ஃபைலை மூடிவிட்டார்கள்.

எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை, 44 வயதில் வயிறு வீங்கிச் செத்துப்போனாள். நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். சூலகத்தில் கட்டி என்று பெரியப்பா ஒரு தடவை சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் அது ‘வயிற்றுக் கட்டி’, இது ‘மார்க் கட்டி’. இரண்டுக்கும் ஒரே பிஆர்சிஏ பிழை காரணமாகலாம் என்று சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடம் கழித்து இரண்டாவது மார்பிலும் வந்தபோது வேறொரு டாக்டர், ‘அப்பா பக்கம் யாராவது?’ என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி.

பிஆர்சிஏ அப்பாவிடமிருந்தும் சரிபாதி வாய்ப்போடு வரும். அப்பாவுக்கு 81 வயது. ஒரு நோய் நொடி கிடையாது. ரத்தம் கொடுத்தார், அவரிடம் இருந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போய் வாழைப்பூ ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்தாராம்.

3 ஏப்ரல்

கேட்டவர்களுக்கு: எனக்கு இல்லை. ரிப்போர்ட் வந்த அன்றைக்கு அக்காவுக்குப் போன் பண்ண முடியவில்லை. அவளே பண்ணினாள்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து எல்லாருக்கும்.

‘வியூஎஸ்’ என்று வந்தால் என்ன அர்த்தம் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எழுத்து மாறியிருக்கிறது, கெடுதலா இல்லையா என்று முடிவு சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். அக்காவின் ரிப்போர்ட்டில் பிஆர்சிஏ1 பிழையோடு, பிஆர்சிஏ2-இல் இப்படி ஒன்றும் இருந்தது. நிச்சயமான பிழையை விட்டுவிட்டு இதை நினைத்துத்தான் அதிகம் அழுதோம். இரண்டு வருடம் கழித்துப் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு கடிதம்: அது தீங்கற்றது, சும்மா ஒரு பாடபேதம்.

இது நமக்கு ஏன் அதிகம் வருகிறது? ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தொகுப்பில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளி. அவர்களிடம் இல்லாத எழுத்து நம்மிடம் இருந்தால், நம் ஊரில் லட்சம் பேருக்கு அது சாதாரணமாக இருந்தாலும், ‘தெரியவில்லை’ என்றுதான் சீட்டு விழும். வடநாட்டு ஏடுகளை மட்டும் பார்த்தவர் தென்னாட்டுப் பாடத்தைப் பிழை என்று வட்டம் போட்டது மாதிரி. வியூஎஸ்ஸை வைத்துக்கொண்டு யாரும் அறுவை சிகிச்சைக்குப் போகாதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை ‘மாறியிருக்கிறதா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

80 வயதுக்குள் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பிஆர்சிஏ1 பிழை இருந்தால் 72 சதவீதம், பிஆர்சிஏ2 இருந்தால் 69 சதவீதம் என்று எல்லாரும் சொல்லும் கணக்கும் (2017) பெரும்பாலும் ஐரோப்பியக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து கிடைத்ததுதான். வேறு கணக்கு கையில் இல்லாததால் நானும் அதையே சொல்கிறேன்.

28 ஏப்ரல்

தலைப்பை விட்டு எங்கோ போய்விட்டோம் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். போகட்டும்.

எனக்கு இப்போது பிரச்சினை அண்ணன். கோயம்புத்தூரில் இருக்கிறார். இரண்டு பெண்கள், 24, 20. பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றால், ‘எனக்கென்ன பொம்பள வியாதியா?’ என்கிறார். குடும்பத்தில் பிழை எங்கே என்று தெரிந்துவிட்டதால் மொத்த மரபணுவையும் படிக்க வேண்டியதில்லை, அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறைவு. எதற்கும் அசையவில்லை. அண்ணி போனை வாங்கி, ‘மூத்தவளுக்கு வரன் பார்க்கிறோம், இப்போது வேண்டாமே’ என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெண் பார்க்க வருபவர்கள் ஜாதகம் கேட்பார்கள், ஜீன் கேட்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டேன்.

11 மே

திருச்சிக்காரரே, அம்மாவுக்குக் கீமோ முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. மாமா வீட்டிலும் பரிசோதனைக்கு ஒத்துக்கொண்டார்களா? உங்கள் தாத்தா பாட்டி இருவரில் யார் வழி என்று தெரிந்தால் எந்தப் பங்காளி வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் பயன்படலாம். கிங்கும் ஜெருசலேம் குழுவும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிப் பெண்களிடமிருந்து தொடங்கவில்லை. ஆரோக்கியமான அஷ்கெனாசி ஆண்கள், எண்ணாயிரத்துக்கும் மேலே. அவர்களில் திரிபு இருந்தவர்களின் அக்கா, தங்கை, மகள் என்று போய்ப் பார்த்தார்கள். பாதிக் குடும்பங்களில் புற்றுநோய் வரலாறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. சின்னக் குடும்பம், ஆண் வாரிசுகள் வழியாகவே சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறது. 2020 முதல் இஸ்ரேலில் அஷ்கெனாசிப் பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசம். மூன்றே பிழை என்பதால் அங்கே அது கைக்கு அடக்கமான வேலை. நமக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒவ்வொரு பிழை.

‘அப்பாவும் ஆம்பளைதான்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

12 மே

பதில் வரவில்லை.

2 ஜூன், மாலை

அண்ணன் போன். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

‘நாளைக்குக் காலையில ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்காங்க. வெறும் வயித்துலயா போகணும்?’

‘இல்லண்ணே. சாப்பிட்டுட்டே போங்க.’

‘காப்பி?’

‘குடிங்க.’